அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். எந்தப் புனிதரிடம் வேண்டுவது?

பொங்கோல் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று போன மாதம் உறுதியாகிவிட்டது. 44 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறார், சின்னவன் இந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (பிஎஸ்எல்இ) எழுதுகிறான். முதலில் கீமோ, கட்டி சுருங்கியதும் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிகிச்சை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. டாக்டர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார், அத்தான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் கேட்க வந்தது வேறு.

எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு புனிதரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சித்தப்பா வாட்ஸ்அப்பில் புனித பெரகிரின் செபத்தை அனுப்பினார். புற்றுநோய்க்காரர்களுக்கு அவர்தான் பாதுகாவலராம். செபத்துக்குக் கீழே, இதை ஒன்பது பேருக்கு அனுப்பினால் ஒன்பதாம் நாள் நல்ல செய்தி வரும், அனுப்பாதவர்களுக்கு வராது என்று ஒரு வரி. மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் பெரியம்மா, அதெல்லாம் எதற்கு, ஜூலை 26 திருவிழாவுக்கு புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் கோவிலுக்கு வாருங்கள், பஸ்ஸுக்கு நான் சொல்லி வைக்கிறேன் என்கிறார். என் மாமியார், மார்பில் வரும் நோய்க்கு புனித ஆகத்தாவைத்தான் கேட்க வேண்டும் என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ தோழி, பாவம், நல்ல மனசோடு புனித யூதா ததேயு படம் ஒன்று கொடுத்தனுப்பினாள். நம்பிக்கையற்றுப் போன காரியங்களுக்குப் பாதுகாவலர் என்று அதில் அச்சடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா, “அப்போ நான் நம்பிக்கையற்ற காரியமா?” என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார்.

அம்மா விஷயம் இன்னும் சிக்கல். திருச்சியிலிருந்து தினமும் ராத்திரி வீடியோ கால். அக்கா குணமானதும் வேளாங்கண்ணிக்கு வந்து முடி கொடுப்பாள் என்று ஆரோக்கிய மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீமோவில் முடி தானாகவே கொட்டிவிடும் என்று நான் சொன்னதும், அப்படியென்றால் கொட்டுவதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு வா, மாதாவிடம் சொன்ன சொல் தவறினால் என்ன ஆகும் தெரியுமா என்று ஒரே அழுகை.

இதற்கு நடுவில், ஏதோ ஒரு செபக் கூட்டத்தில் பழக்கமான ஒருவர் வீட்டுக்கு வந்து, எண்ணெய் பூசி செபித்த பிறகு மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறார். அத்தான் இந்து. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பக்தி விஷயத்தில் வாயே திறக்காத மனிதர், அன்றைக்குக் கதவைத் திறந்து காட்டிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இப்போது என் கேள்வி. ஒரே நேரத்தில் இத்தனை புனிதர்களிடம் வேண்டலாமா, இல்லை ஒருவரை வைத்து நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், சொல்வதுதான் முறையா? அம்மா நேர்ந்துகொண்டது அக்காவைக் கட்டுப்படுத்துமா? சிங்கப்பூரிலேயே போகிற மாதிரி இடம் எது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவள் நான், ஆனால் இதெல்லாம் ஆழமாகத் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே நிறைய இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

தங்கச்சி, ரொம்ப வருடம் வார்டில் நின்று ஓய்வு பெற்றவள் நான். ஓஃபிர் சாலை லூர்து அன்னை கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் போகிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் பேசுவேன், கொஞ்சம் நீளமாகவும் பேசுவேன்.

பெரகிரின் கதையை வாட்ஸ்அப்பில் பாதிதான் சொல்கிறார்கள். இத்தாலியில் ஃபோர்லி ஊர்க்காரர், 1345-ல் இறந்தவர், மரியாவின் ஊழியர் சபைத் துறவி. காலில் ஆறாத புண், புற்று என்றே சொல்கிறார்கள். காலை வெட்டி எடுக்க வைத்தியர் நாள் குறித்துவிட்டார். முந்தின ராத்திரி பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின்) முன்னால் செபித்துக்கொண்டே கண்ணயர்ந்தார், ஆண்டவர் இறங்கி வந்து காலைத் தொடுவதாகக் கண்டார், விடிந்து வைத்தியர் வந்து பார்த்தால் புண் ஆறியிருந்தது என்பது வழிவழியாக வரும் வரலாறு. 1726-ல் புனிதராக அறிவித்தார்கள். இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் அறுவைக்குச் சம்மதித்திருந்தார். காலையில் வைத்தியர் கத்தியோடு வருவார் என்று தெரிந்துதான் ராத்திரி முழங்காலில் இருந்தார். வேண்டாம் என்று வைத்தியரைத் திருப்பி அனுப்பிவிட்டு அல்ல.

இன்னொரு காலின் கதையும் சொல்கிறேன். புனித கமில்லஸ், 1550-ல் பிறந்தவர், படைவீரர், பெரிய சூதாடி. அவருக்கும் காலில் புண். அது சாகும்வரை ஆறவே இல்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டே ரோமாபுரி மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டினார், சாப்பாடு ஊட்டினார், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். நோயாளிகளுக்கும் எங்களைப் போன்ற தாதியருக்கும் அவர்தான் பாதுகாவலர். ஒருவருக்குக் கால் ஆறியது, இன்னொருவருக்கு ஆறவில்லை, இரண்டு பேருமே புனிதர்கள். இதில் யாருக்கு விசுவாசம் குறைவு என்று அந்தச் செபக் கூட்டத்துக்காரர் மறுபடியும் வந்தால் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் லூர்து நகரில் மாதாவின் காட்சியைக் கண்ட பெர்னதெத்தும் நோயாளியாகவே வாழ்ந்து 35 வயதில் இறந்தவர்.

மருந்தை நிறுத்தச் சொல்வது கத்தோலிக்கப் போதனையே இல்லை. பைபிளில் சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நோயில் ஆண்டவரிடம் மன்றாடு என்று சொன்ன கையோடு மருத்துவருக்கும் இடம் கொடு, அவரும் உனக்குத் தேவை என்று எழுதியிருக்கிறது. குணமளிக்கும் செபங்கள் பற்றி வத்திக்கான் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரையும் இதையேதான் சொல்கிறது. நம்ம ஊர் மவுண்ட் அல்வெர்னியா ஆஸ்பத்திரியையே பாருங்கள், 1961-ல் அதைத் தொடங்கியது பிரான்சிஸ்கன் கன்னியர்கள். செபம் மட்டும் போதும் என்றால் அவர்கள் ஆஸ்பத்திரி கட்டியிருக்க மாட்டார்களே.

ஒன்பது பேருக்கு அனுப்பு என்கிற வரியை அழித்துவிட்டு செபத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செயலைச் செய்தாலே பலன் வந்துவிடும் என்று நினைப்பதை மறைக்கல்வி நூல் மூடநம்பிக்கை என்றே சொல்கிறது. சித்தப்பா மனசு கோணாமல் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். என்னால் அது முடியாது, நான் பட்டென்று சொல்லிவிடுவேன்.

எத்தனை புனிதர்களிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்களுக்குள் போட்டி இல்லை. கொடுப்பவர் கடவுள், இவர்கள் நமக்காகப் பேசுகிறவர்கள். நவநாளுக்கு ஒன்பது நாள் என்ற கணக்கு, ஆண்டவர் விண்ணேறிய பின் தூய ஆவி வரும்வரை சீடர்கள் மாதாவோடு சேர்ந்து செபித்துக் காத்திருந்த நாட்களிலிருந்து வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சொல்லுங்கள், தலையில் ஒன்றும் விழாது. கீமோ போட்ட அன்றைக்கு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்ல நோயாளிக்குத் தெம்பு இருக்காது. பக்கத்தில் இருப்பவர் சொன்னால் போதும்.

அம்மாவின் நேர்த்திக்கடனுக்குத் திருச்சபைச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது, எண் 1193. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் அக்கா தலைமுடிக்கு அம்மா நேர்ந்தது அக்காவைக் கட்டாது. அம்மாவே அதைவிட நல்லதாகவோ அதற்குச் சமமாகவோ வேறொன்றாக மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. மனசு ஒப்பவில்லை என்றால் திருச்சியில் அவருடைய பங்குத்தந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஃபோனில் சொல்வதைவிடச் சாமியார் வாயால் கேட்டால் அழுகை நிற்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இத்தனை புனிதர்களை எழுதினீர்கள், நோயில் பூசுதல் பற்றி ஒரு வரி இல்லை. நோயாளிகளுக்கென்று திருச்சபை வைத்திருக்கும் அருளடையாளமே அதுதான். பைபிளில் யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்களில் யாராவது நோயுற்றால் மூப்பர்களை அழையுங்கள், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும் என்று. முன்பெல்லாம் உயிர் போகும் நேரத்தில்தான் சாமியாரைக் கூப்பிடுவார்கள், அதனால் நம் பெரியவர்களுக்கு இன்றைக்கும் பயம். நான் வேலை பார்த்த வார்டில், “ஃபாதரைக் கூப்பிடாதீர்கள் சிஸ்டர், அவர் பயந்துவிடுவார்” என்று குடும்பமே கெஞ்சும். நோயாளி மயக்கத்துக்குப் போன பிறகு ஓடிப்போய்க் கூப்பிடுவார்கள். ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1972-ல் இதன் சடங்கையே திருத்தி வெளியிட்டார். கடுமையான நோய் என்றாலே பெறலாம், பெரிய அறுவைக்கு முன் பெறலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார், சில நிமிடம்தான். முதல் கீமோவுக்கு முன்னாலேயே பங்குக்கு ஃபோன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பதிவை இரண்டு தடவை படித்துவிட்டேன். சித்தப்பா என்ன சொல்கிறார், பெரியம்மா என்ன சொல்கிறார் என்றெல்லாம் இருக்கிறது. யாரிடம் வேண்ட ஆசை என்று அக்காவை யாராவது கேட்டீர்களா?

வசனம் வாசிப்பவன்:

ஸ்தோத்திரம் சகோதரி. உங்கள் அக்காவுக்காக இன்று ராத்திரி எங்கள் வீட்டு ஜெபத்திலும் நினைப்போம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 தெளிவாகச் சொல்லும்போது, மரித்தவர்களிடம் போய் ஏன் நிற்க வேண்டும்? கர்த்தரிடம் நேராகவே கேட்கலாமே. மற்றபடி மருந்தை நிறுத்தச் சொன்ன ஆள் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் தவறுதான். எங்கள் போதகரே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, முகம் தெரியாத ஒரு அக்காவுக்காக உங்கள் வீட்டில் ஜெபிக்கிறோம் என்றீர்களே, நன்றி. அதுவும் பரிந்துரைதான். இறந்தும் கடவுளிடம் உயிரோடு இருப்பவர்களிடம் அதையே கேட்கிறோம், அவ்வளவுதான். பைபிளில் கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது என்று மகன் இயேசுவிடம் போய்ச் சொன்னது அம்மா மரியா, தண்ணீரை இரசமாக்கியது மகன். மத்தியஸ்தர் ஒருவர் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. மீதியை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், இது நோயாளி வீட்டுக்காரர் கேட்ட கேள்வி.

கோட்டாறு டு ஜூரோங்:

நான் நாகர்கோவில்காரன், இங்கே கப்பல் பட்டறையில் தர ஆய்வு வேலை. தாதி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அற்புதம் என்றால் என்ன என்று திருச்சபை எப்படிப் பரிசோதிக்கிறது என்பது நம் ஆட்களுக்கே பெரும்பாலும் தெரியாது.

எங்கள் ஊர் புனித தேவசகாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் பிறந்து, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே மெழுகுவர்த்தி கொளுத்தி வேண்டிக்கொள்கிறார்கள், குணமானோம் என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் 2022 மே 15-ல் அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு ரோமாபுரி ஏற்றுக்கொண்ட அற்புதம் ஒன்று. வயிற்றில் உயிரில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒரு குழந்தை பிழைத்த சம்பவம். அதற்கும் ஸ்கேன், சாட்சியம், மருத்துவக் குழு என்று வருடக்கணக்கில் போனது.

லூர்து நகரில் இன்னும் கறார். 1858-ல் காட்சி நடந்ததிலிருந்து குணமடைந்தோம் என்று பதிவு செய்தவர்கள் 7,000 பேருக்கு மேல். அதில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டது 70-ஐக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், குணம் திடீரென்றும் முழுமையாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும், எடுத்த சிகிச்சையால் வந்தது என்று சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை எழுதியவர் 18-ஆம் நூற்றாண்டில் இருந்த லம்பெர்த்தினி, பிறகு 14-ஆம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் பாப்பரசரானவர். என் வேலையில் பற்றவைப்பை எக்ஸ்ரே எடுத்துத்தான் கையெழுத்துப் போடுவேன், அதைவிட இவர்கள் மோசம். ஆகவே மேடையில் மைக்கைப் பிடித்து, இதோ இந்தச் சகோதரிக்குக் கட்டி கரைந்துவிட்டது என்று அந்த நிமிடமே அறிவிக்கிறவரைவிட ரோமாபுரி எவ்வளவோ சந்தேகக்காரன்.

உங்கள் அக்கா கீமோ எடுத்து, அறுவை முடிந்து, நல்லபடியாகக் குணமானார் என்றே வைத்துக்கொள்வோம். அது அந்தப் பட்டியலில் வராது, சிகிச்சை எடுத்திருக்கிறாரே. அதனால் என்ன? நன்றிப் பூசை கொடுக்க யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குச் சிறுநீரகம் போனபோது நாங்கள் வேண்டாத இடம் இல்லை. கோட்டாறு, வேளாங்கண்ணி, ஓரியூர் அருளானந்தர் என்று போய் அந்தச் செம்மண்ணைக்கூட எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தோம். அம்மா பிழைக்கவில்லை. வேண்டுதல் வீண் என்று அண்ணன் கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். நான் நிறுத்தவில்லை. யார் சரி என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஆனால் அம்மா கடைசி வாரங்களில் பயப்படவில்லை என்பதை இரண்டு பேருமே பார்த்தோம். டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து நாற்காலிக்காரிக்காக வேண்டிக்கொள்வார், அந்த அம்மா இன்றைக்கும் இருக்கிறார்.

சனிக்கிழமை மாலை:

நான் இந்து, தேக்கா வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போகிறவன். ஆனால் சனிக்கிழமைகளில் தாம்சன் சாலை நொவீனா கோவிலிலும் என்னைப் பார்க்கலாம். என் மனைவிக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்தபோது ஆரம்பித்த பழக்கம். அவரும் இந்துதான், எதிர்வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆப்பரேஷனும் அயோடின் சிகிச்சையும் ஒழுங்காகச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மேலே தர ஆய்வு செய்கிற ஐயா இருக்கிறார்.

போகாதவர்களுக்காக: கோவிலின் சரியான பெயர் புனித அல்போன்சுஸ் ஆலயம், நடத்துகிறவர்கள் இரட்சகர் சபைக் குருக்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் அந்தப் பேட்டைக்கும் நொவீனா என்று பெயர் வந்ததே அங்கே நடக்கும் நவநாளால்தான். சனிக்கிழமை பல வேளைகளில் இடைவிடா சகாய மாதா நவநாள் நடக்கும், ஆங்கிலத்தில். நேரம் அவ்வப்போது மாறும், கோவில் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் எழுதிப்போட்ட கடிதங்களில் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் வாசிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். ஒருவருக்கு வேலை போய்விட்டது, ஒருவருக்குப் பையன் பேசுவதில்லை, ஒருவருக்கு ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்துவிட்டது. என் வீட்டில் மட்டும்தான் இடி விழுந்தது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். டான் டோக் செங் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால், கையில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு வந்து பின்வரிசையில் உட்காருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அங்கே இருக்கும் சகாய மாதா படத்தை நேரில் பார்த்தால் குழந்தையின் பாதத்தைக் கவனியுங்கள். குழந்தை எதையோ பார்த்துப் பயந்து ஓடிவந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒரு செருப்பு கழன்று தொங்குகிறது. இரண்டு பக்கமும் தேவதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் காட்டுகிறார்கள். அம்மா அதை விரட்டவில்லை, பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கும்பிடத் தெரியாமல் போன எனக்கு அது புரிந்தது.

உங்கள் அத்தானுக்கு ஒரு வார்த்தை. அங்கே யாரும் நீ யார் என்று கேட்கமாட்டார்கள். நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்க மட்டும் வரிசையில் போகக்கூடாது, அது அவர்கள் முறை, மதிக்க வேண்டும். மற்றபடி உட்காரலாம், எழுதிப் போடலாம். எங்கள் ஆத்தா நாகப்பட்டினம். சிக்கல் முருகனுக்கும் நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே தகர டப்பாவில்தான் காசு சேர்ப்பார். பிறகு பிரித்துக் கொடுப்பது அவர் பாடு.

பொங்கோல் தங்கச்சி:

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா கேட்ட கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே ஈசூனுக்குப் போய் அக்காவிடம் கேட்டேன்.

சிரித்துவிட்டார். “பெரகிரினையும் ஆகத்தாவையும் எனக்கு யாரென்றே தெரியாதுடி. இந்த நிலைமையில் புதுசாக ஒருத்தரிடம் போய் நான் இன்னார் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெம்பு இல்லை. அந்தோணியார் போதும்” என்றார். பள்ளிக்கூடத்தில் பேனா தொலைந்த காலத்திலிருந்து அவரோடு பேசிப் பழக்கமாம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர், என் உடம்பையும் கண்டுபிடித்துக் கொடுக்கட்டும் என்று சொன்னார். ஆக, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் செபத்தை நானும் அவரும் ஃபோனிலேயே சேர்ந்து சொல்கிறோம். உறவினர்கள் அவரவர் புனிதரிடம் அவரவர் வீட்டில் வேண்டிக்கொள்ளட்டும், அக்காவுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று குடும்பக் குழுவில் எழுதிவிட்டேன். சித்தப்பா கட்டைவிரலை மட்டும் போட்டார். கோபமா சம்மதமா தெரியவில்லை.

நோயில் பூசுதலுக்குப் பங்கில் பேசியாகிவிட்டது. ஃபாதர் இந்த வியாழன் வீட்டுக்கு வருகிறார். சின்னவன்தான், “அம்மா செத்துப்போகப் போறாங்களா?” என்று கேட்டான். யாக்கோபு எழுதியதை அவனையே வாசிக்க வைத்தோம். அத்தானும் கூட இருக்கிறேன் என்றார். சனிக்கிழமை மாலை ஐயா எழுதியதை அவருக்குக் காட்டினேன், இரண்டு தடவை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முடி விஷயம்: அம்மா பங்குத்தந்தையைப் பார்த்திருக்கிறார். வந்து ஃபோனில், “சரி, அவள் தலை வேண்டாம், என் தலையைக் கொடுக்கிறேன். அதுவும் வெள்ளைதான், மாதா கோவிச்சுக்க மாட்டாங்க” என்றார். அக்காவோ முடி கொத்துக் கொத்தாக விழுவதைப் பார்க்க முடியாது என்று முன்கூட்டியே வெட்டிவிடச் சொல்லியிருக்கிறார். அத்தான் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்.

ஒரு சின்னச் சந்தேகம். அம்மா அடுத்த மாதம் இங்கே வருகிறார், வேளாங்கண்ணியிலிருந்து தீர்த்தமும் பூவும் கொண்டுவருவாராம். அக்காவுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி:

அந்தோணியாருக்கு ஓட்டு போட்ட அக்காவுக்கு என் வணக்கம்.

தீர்த்தத்தை அப்படியே குடிக்கக் கொடுக்காதீர்கள். கீமோ எடுக்கும்போது வெள்ளையணுக்கள் இறங்கும், சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவருக்கு ஆபத்து. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதற்கும் முன்னால் டாக்டரிடமோ கீமோ தாதியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொதித்தால் ஆசீர்வாதம் ஆவியாகிப் போய்விடாது. இல்லையென்றால் நெற்றியில் தொட்டு வைத்தாலே போதும், புண்ணிலும் ஊசி குத்திய இடத்திலும் மட்டும் வேண்டாம். பூவை அவர் அறையில் வைக்காமல் கூடத்தில் மாதா படத்துக்கு வையுங்கள், அம்மாவுக்கும் திருப்தி. செபிக்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கை கழுவிவிட்டு வரட்டும், இருமல் சளி இருந்தால் வாசலோடு ஃபோனில் செபிக்கட்டும்.

அப்புறம் ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி வந்துவிட்டால், நள்ளிரவானாலும், நடுவில் நவநாளே ஓடிக்கொண்டிருந்தாலும், மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். செபமாலையை டாக்ஸியில் சொல்லிக்கொள்ளலாம். போனதும், கீமோ எடுக்கிறவர் என்பதை முகப்பிலேயே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.